ஷார்ட்ஸ்டாப் உர்சுலாவின் சராசரி

ஹூஸ்டன், டெக்சஸ்
20 ஜூன் 1981

அன்புள்ள உர்சுலா,

தாளின் உச்சியில் சிலுவை போட்டிருக்கிறேன், முதலில் அப்பாவிடம் காட்டு. போன கடிதத்தில் போடவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் என எழுதியிருந்தாய். பேச்சு போன பிறகும் மனிதருக்குத் திட்டத் தெரிகிறது. பக்கவாதம் அந்தத் திறமையை மட்டும் தொடவில்லை போலும்.

இங்கே ஒரு கூத்து நடக்கிறது. பேஸ்பால் ஆட்டக்காரர்கள் எல்லாரும் வேலைநிறுத்தம் செய்துவிட்டார்கள். அப்பா காலத்தில் துறைமுகத்தில் செய்தார்களே, அதே மாதிரிதான். சங்கம் உண்டு, பேச்சுவார்த்தை உண்டு, முறிந்துபோவதும் உண்டு. ஒரு வாரமாக நாடு முழுக்க ஆட்டமே கிடையாது. எண்ணெய் எடுக்கும் ரிக் கட்டுகிற எங்கள் யார்டில் எனக்குப் பக்கத்து பெஞ்சில் வேலை பார்க்கும் ராய்க்குப் பைத்தியம் பிடிக்காத குறை. பெண்டாட்டி விட்டுப் போனபோதுகூட இந்த ஆள் இவ்வளவு வாடவில்லை என்று மற்றவர்கள் கேலி செய்கிறார்கள்.

ஆட்டம் இல்லாததால் ராய் சாப்பாட்டு நேரத்தில் பழைய ஆட்டங்களின் எண்களை எடுத்து வைத்துக்கொண்டு கால்குலேட்டரைத் தட்டுகிறான். சும்மா இருக்காமல் நானும் எட்டிப் பார்த்தேன். எட்டிப் பார்த்தவன் உள்ளே விழுந்துவிட்டேன் என்று வைத்துக்கொள். நாலு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். கூரை போட்ட அந்த ஸ்டேடியத்துக்கு இரண்டு தடவை போய் நன்றாகத் தூங்கியிருக்கிறேன். ஆட்டம் நடந்தபோது பிடிக்காதது, நின்றுபோன பிறகு பிடித்துவிட்டது.

விஷயம் இதுதான். பேப்பரில் போடும் எண்கள் எல்லாம் அரைகுறை என்கிறான் ராய். பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை ஒழுங்காக அடித்தால் சராசரி ஆயிரத்துக்கு முந்நூறு என்று போட்டு, முந்நூறு அடித்தவன் ராஜா என்கிறார்கள். ஆனால் அந்த ராஜாவால் அணி ஜெயித்ததா என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கிற ஒரு கூட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. கணக்கு வாத்தியார், இரவுக் காவலாளி, மருந்துக் கடைக்காரர் என்று என்னென்னவோ வேலை பார்க்கிறவர்கள். கணக்குப் போட்டு ஒருத்தருக்கொருத்தர் தபாலில் அனுப்பிச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

உன் சாஃப்ட்பாலும் பேஸ்பாலுக்குத் தங்கச்சி முறைதானே. உன் ஆட்டங்களின் எண்களை எனக்கு அனுப்பு. ஒரு கை பார்க்கிறேன்.

டிசம்பரில் மணிலாவில் நடக்கும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியைப் பற்றிக் கவலைப்படாதே. நவம்பர் கடைசியில் என் கான்ட்ராக்ட் முடிகிறது. நான் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன், நீ சிங்கப்பூர் அணியோடு போய் ஆடிவிட்டு வா. இதில் மாற்றமில்லை.

அன்புடன்,
சிலுவைராஜ்


ஃபேரர் பார்க், சிங்கப்பூர்
4 ஜூலை 1981

அன்புள்ள அண்ணனுக்கு,

சிலுவையைக் காட்டினேன். அப்பா இடது கையால் அதைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் பிடுங்கித்தான் படிக்க வேண்டியிருந்தது.

நீங்கள் எழுதுவது படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் இரண்டு கடிதமாகக் கேட்டதற்குப் பதிலைக் காணோம். பிசியோ செய்ய ஆளை வீட்டுக்கு வரச் சொல்லலாமா, வேண்டாமா? விடியும் முன் எழுந்து அப்பாவைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, கஞ்சி கொடுத்து, பக்கத்து வீட்டு மங்களம் அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு தஞ்சோங் பகாருக்கு பஸ் பிடிக்கிறேன். ஆபீசில் டைப் அடிக்கும்போது தோள்பட்டை விட்டுப்போகிறது. அதே தோளோடுதான் சாயங்காலம் பந்து எறிகிறேன்.

அணித் தேர்வு செப்டம்பரில். எனக்கு இருபத்தெட்டு வயதாகிறது, அண்ணே. போன தடவை அம்மா சாவு. அதற்கு முந்தின தடவை நான் புதுசு. அடுத்த தடவை என்று எனக்கு ஒன்று இல்லை. ஒரே ஒரு தடவை அந்தச் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடிவிட வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஆசை கிடையாது. அப்புறம் யார் வேண்டுமானாலும் வந்து பெண் பார்த்துக்கொள்ளட்டும்.

நேற்று கோச் அப்துல் கஃபார் கூப்பிட்டுச் சொன்னார். "உன் பேட்டிங் நல்லாருக்கு லா, அதுல யாரும் வாய் தொறக்க முடியாது. ஆனா எரர் ஜாஸ்தி. கமிட்டில அதத்தான் சொல்லிக்கிட்டே இருக்காங்க. கொஞ்சம் ஸேஃபா ஆடு."

ஸேஃபாக ஆடுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஷார்ட்ஸ்டாப். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நிற்கிறவள், எல்லாப் பந்தும் அங்கேதான் வரும். ஓடிப் போய்ப் பிடிக்கப் பார்ப்பேன். சில சமயம் கையில் பட்டுத் தெறித்துவிடும். உடனே எரர் என்று எழுதிவிடுவார்கள். நம்ம கோயில் பாடகர் குழு ஆனி இருக்கிறாளே, அவளும் இன்னொரு கிளப்பில் ஷார்ட்ஸ்டாப். அவள் பேரில் எரரே இல்லை. அவளைப் பார்த்துக் கற்றுக்கொள் என்கிறார்கள்.

பிசியோ பற்றி மறக்காமல் எழுதுங்கள்.

உர்சுலா


ஹூஸ்டன்
19 ஜூலை 1981

அன்புள்ள உர்சுலா,

பிசியோவை வரச் சொல். இதற்கெல்லாமா என்னைக் கேட்டுக்கொண்டிருப்பாய்?

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். உன் கடிதத்தை வாங்கிக்கொண்டு நேரே ராயிடம் ஓடினேன். ஆனி பேரில் எரரே இல்லை என்ற வரியை மொழிபெயர்த்துச் சொன்னதும், அந்த ஆள் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டான். "அவள் எத்தனை பந்தைத் தொட்டாள்?" என்று கேட்டான். அதைத்தான் நீயும் கேட்க வேண்டும்.

எரர் எப்போது எழுதுவார்கள்? பந்து கைக்கு எட்டி நழுவினால். பந்து பக்கத்தில் போகாமலே நின்றவளுக்கு எரர் கிடையாது, அது நல்ல அடி என்று அடித்தவள் கணக்கில் போய்விடும். அதாவது சோம்பேறிக்குப் பரிசு, ஓடினவளுக்குத் தண்டனை. இங்கே பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் இப்படித்தான் பந்து பிடிப்பதற்கான தங்கக் கையுறை விருது வாங்கியிருக்கிறார்கள் என்று ராய் வயிறெரிந்து சொல்கிறான். எரரை எண்ணக் கூடாது. பிடித்து ஆளை அவுட் ஆக்கின பந்துகளைத்தான் எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் ஆனி எங்கே நிற்பாள், நீ எங்கே நிற்பாய் என்று பார்த்துவிடலாம்.

உங்கள் லீக்கில் ஸ்கோர் எழுதுகிறவர் இருப்பார் அல்லவா? இந்தப் பருவத்துத் தாள்களை எல்லாம் நகல் எடுத்து அனுப்பு. உன்னுடையது மட்டும் போதாது, எல்லா ஷார்ட்ஸ்டாப்பும் வேண்டும். முடிந்தால் எல்லா ஆட்டக்காரிகளும்.

ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. எனக்குத் தொடங்க வேண்டும் என்றும் இல்லை. சனி ஞாயிறு இரண்டு நாளும் ராய் வீட்டில்தான். அவன் ரொட்டி சுடுகிறான், நான் கோழிக்குழம்பு வைக்கிறேன், இரண்டு பேரும் கணக்குப் போடுகிறோம். இங்கே வந்த நாளிலிருந்து இத்தனை சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

சிலுவைராஜ்


ஃபேரர் பார்க்
8 ஆகஸ்ட் 1981

அன்புள்ள அண்ணனுக்கு,

தனிக் கட்டாகத் தாள்களை அனுப்பியிருக்கிறேன். லீக்கில் ஸ்கோர் எழுதும் சுந்தரம் சார் பள்ளிக்கூட வாத்தியார், பள்ளிக்கூட மெஷினிலேயே நகல் எடுத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். நீங்கள் எழுதியதைச் சொன்னேன். அவர், "இத்தன வருஷமா எழுதுறேன், எனக்கு இது தோணலியேம்மா," என்றார்.

ஓடினவளுக்குத் தண்டனை என்று எழுதியிருந்தீர்களே, அதை பஸ்ஸில் படித்து அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த சீனக் கிழவி டிஷ்யூ கொடுத்தாள். கை விளங்காதவள், பதற்றக்காரி, பந்தைக் கண்டால் பாய்கிறவள் என்றுதான் இவ்வளவு நாளும் என்னைச் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன சனிக்கிழமை ஆட்டத்தில் முன்னைவிட ஓடினேன். இரண்டு நழுவியது, எரர் எழுதினார்கள். எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்.

நல்ல செய்தி ஒன்று. கோச் லிஸ்ட்டைக் காட்டினார். பென்சிலால்தான் எழுதியிருக்கிறது, ஆனாலும் ஷார்ட்ஸ்டாப்புக்கு நேராக என் பேர் இருக்கிறது. "சும்மா இரு, யார்கிட்டயும் சொல்லாத," என்றார். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

கெட்ட செய்தியும் உண்டு. செவ்வாய்க்கிழமை நான் பயிற்சியில் இருந்தபோது அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. மங்களம் அக்கா தனியாகத் தூக்க முடியாமல் கீழே ஐஸ் கச்சாங் விற்கும் சேக் தாவூதைக் கூப்பிட்டு வந்து தூக்கியிருக்கிறார். நான் மைதானத்திலிருந்து கையுறையோடு ஓடி வந்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை, கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, வெட்கமா என்று தெரியவில்லை. அவர் வாய் விட்டுத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் எப்போது வரும் என்று இருக்கிறது.

உர்சுலா


ஹூஸ்டன்
30 ஆகஸ்ட் 1981

அன்புள்ள உர்சுலா,

அப்பாவுக்குக் குளியலறையில் கைப்பிடி வைக்கச் சொல். சுவரில் துளை போட வீடமைப்புக் கழகத்துக்காரர்கள் விடாவிட்டால் ஒரு நாற்காலியாவது போட்டு வை.

வேலைநிறுத்தம் முடிந்து ஆட்டங்கள் தொடங்கிவிட்டன. நானும் ராயும் போகவில்லை. உங்கள் தாள்களில் மூழ்கிவிட்டோம். சுந்தரம் சார் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, அவருக்கு என் வணக்கம் சொல்.

முதலில் நல்லது. உங்கள் லீக்கில் உன்னளவு பந்து பிடித்த ஷார்ட்ஸ்டாப் கிடையாது. கிட்டக்கூட யாரும் இல்லை. ஆனி பிடித்ததைப் போல் ஒன்றரை மடங்கு நீ பிடித்திருக்கிறாய். எரரைக் கழித்துப் பார்த்தாலும் அப்படித்தான். ராய் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, இந்தப் பெண்ணை நான் பார்க்க வேண்டும் என்றான். நான் மார்தட்டிக்கொண்டேன்.

இனி திட்டு. நீ கண்ட பந்தையும் அடிக்கப் பாய்கிறாயாமே? பந்து எறிகிறவள் நாலு பந்தைத் தப்பான இடத்தில் போட்டால் நீ மட்டையைத் தொடாமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அதுவும் ஒரு அடிக்குச் சமம்தான், ரன்னுக்கு ஓடிவர அணிக்கு ஒரு ஆள் பேஸில் கிடைக்கிறாள். ஆனால் பேப்பர்ச் சராசரி அந்த நடையை எண்ணுவதே இல்லை. இங்கே இந்தக் கூட்டம் அதைத்தான் பெரிதாக எண்ணுகிறது. எந்த வழியிலாவது பேஸுக்குப் போனாயா, அதுதான் கேள்வி. பருவம் முழுக்க நீ இரண்டே தடவைதான் நடந்திருக்கிறாய். ஆனி குள்ளம், அவளுக்கு எங்கே பந்து போடுவது என்று எறிகிறவளுக்கே தெரிவதில்லை போலும், நடந்துகொண்டே இருக்கிறாள். இந்தக் கணக்கில் அவள் முதல், நீ கடைசி. சின்ன வயதிலும் தட்டில் வைக்கும் முன்னே பாய்கிறவள்தான் நீ. இனிமேல் கொஞ்சம் பொறு. கெட்ட பந்தை விட்டுவிடு.

இரண்டையும் கூட்டிக் கழித்தால் நீதான் முதல். பந்து பிடிப்பதில் நீ மிச்சம் பிடிப்பது, நடக்காமல் விட்டதைவிட எவ்வளவோ பெரிது. அதையும் போட்டுப் பார்த்துவிட்டோம்.

ஒரு காரியம் செய்திருக்கிறேன். உன் நல்லதுக்குத்தான். பலித்த பிறகு சொல்கிறேன்.

இங்கே புது ரிக் ஒன்று வருகிறதாம், ஆட்களை நிறுத்தி வைப்பார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. வெறும் பேச்சுதான்.

சிலுவைராஜ்


ஃபேரர் பார்க்
22 செப்டம்பர் 1981

அண்ணனுக்கு,

உங்கள் காரியம் பலித்துவிட்டது.

சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் இரண்டு தாள். அவர் முகம் நன்றாக இல்லை, ஆனாலும் குரலில் ஒரு பெருமை இருந்தது. "ஹூஸ்டன்ல இருந்து ஒரு எக்ஸ்பர்ட் எழுதிருக்காரு லா. எஸ். ராஜ்னு பேரு. கம்பெனி லெட்டர்ஹெட்ல நம்ம லீக் முழுக்கக் கணக்குப் போட்டு அனுப்பிருக்காரு. கமிட்டில எல்லாரும் அசந்துட்டாங்க. அமெரிக்காவுல இருந்து ஒரு ஆளு நம்மளப் பத்திக் கவலப்படுறாருன்னா சும்மாவா?"

தாளை வாங்கிப் பார்த்தேன். உங்கள் எழுத்தை டைப்பில்கூட எனக்குத் தெரியும். முற்றுப்புள்ளிக்குப் பிறகு இடம் விட மாட்டீர்கள்.

பிறகு அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பேஸுக்குப் போறதுதான் முக்கியம்னு எழுதிருக்காரு. அந்த டேபிள்ல உன் பேரு கடைசில இருக்கு, உர்சுலா. நா சொல்லிப் பாத்தேன். செகண்ட் பேஜ எடுத்துக் காட்டினேன், அதுல நீதான் முதல்ல இருக்க. யாருக்கும் அது வெளங்கல. பந்து பிடிக்கிறதுக்கு எரர் பாத்தா போதும், அது நமக்குத் தெரிஞ்சதுதானேன்னு தலைவர் சொல்லிட்டாரு. ஆனிக்கு எரரும் இல்ல, பேஸுக்கு நடந்து போன வாக்கும் ஜாஸ்தி. நா என்ன பண்ணட்டும்?"

பென்சிலில் இருந்த பேரை அழித்துவிட்டார்கள், அண்ணே. உங்கள் தாள் வராமல் இருந்திருந்தால் அது அப்படியே இருந்திருக்கும். என் பேட்டிங் சராசரிக்காகத்தான் என்னை எடுத்தார்கள். அந்தச் சராசரி பொய் என்று நீங்கள் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள். உங்கள் கணக்கில் பாதியை மட்டும் நம்பினார்கள். எந்தப் பாதி என்று உங்களுக்கே தெரியும்.

எஸ். ராஜ் என் சொந்த அண்ணன் என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் என்ன ஆகும்? அண்ணனை விட்டு எழுதச் சொன்னவள் என்பார்கள். அதிலும் தங்கச்சியைக் கடைசியில் போட்ட அண்ணன் என்று சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பையும் சேர்த்துத் தாங்க முடியாது.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எரரைப் பற்றி எனக்கு எவ்வளவு அழகாக விளக்கினீர்கள். பந்து பக்கத்தில் போகாமல் நின்றவளுக்கு எரர் கிடையாது என்றீர்கள். அது ஆனிக்குச் சொன்னதா, உங்களுக்குச் சொன்னதா? அப்பா விழுந்தால் பேர் எனக்கு. கஞ்சி சூடாகிவிட்டால் பேர் எனக்கு. உங்கள் பேரில் ஒரு எரர் உண்டா? கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம், உன் அண்ணன் எவ்வளவு நல்ல பிள்ளை, தவறாமல் கடிதம் போடுகிறானாமே என்கிறார்கள்.

சரி, விடுங்கள். அதற்காக இதை எழுதவில்லை. கமிட்டிக்கு இப்போது புது முறையில் கணக்கு எழுத ஒரு ஆள் வேண்டுமாம். எனக்குத்தான் அது தெரியும் என்று சுந்தரம் சார் போட்டுக் கொடுத்துவிட்டார். கோச் கேட்டார். "ஸ்கோரரா டீமோட வா. சட்டை தருவாங்க. பெஞ்சுல உக்காரலாம்."

அவமானம்தான். ஆனாலும் போக வேண்டும் போல இருக்கிறது, என்ன செய்ய? ஓரத்திலாவது நிற்கலாம். யாருக்காவது கையில் அடிபட்டால், ஆள் குறைந்தால், என்று மனசு கேவலமாக என்னவெல்லாமோ நினைக்கிறது. அதற்கு நீங்கள் நவம்பர் கடைசியில் வந்தாக வேண்டும். வேறு எதுவும் எனக்குச் செய்ய வேண்டாம். யாருக்கும் எதுவும் எழுத வேண்டாம். வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

உர்சுலா


ஹூஸ்டன்
7 அக்டோபர் 1981

அன்புள்ள உர்சுலா,

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். எழுதி எழுதித் தாளைக் கிழித்துப் போட்டேன்.

எஸ். ராஜ் என்று போட்டது ஏமாற்ற அல்ல. அண்ணன் என்று தெரிந்தால் கணக்கைப் பார்க்காமலே தூக்கிப் போடுவார்கள் என்று பயந்தேன். கடைசியில் உன் பேரைப் போட்டதும் அதற்குத்தான். ஒரு இடத்தில் உன்னை இறக்கிக் காட்டினால்தான் இன்னொரு இடத்தில் ஏற்றிக் காட்டுவதை நம்புவார்கள் என்று நினைத்தேன். ராய்கூடச் சொன்னான், இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகப் போடு, முதல் பக்கத்தில் போடு என்று. நான்தான் படிப்படியாக விளக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். படித்தவர்கள், இரண்டாவது பக்கத்தைத் திருப்புவார்கள் என்று நம்பிவிட்டேன். முட்டாள் நான்.

திரும்ப எழுதட்டுமா? இந்தத் தடவை ஒரே எண்ணாகப் போட்டு வைத்திருக்கிறேன், இதோடு இணைத்திருக்கிறேன் பார். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அணியில் நீ இருந்தால் எத்தனை ரன் மிச்சம், ஆனி இருந்தால் எத்தனை நஷ்டம் என்று துல்லியமாக வந்திருக்கிறது. நீ சரி என்று சொன்னால் போதும்.

இன்னொன்று. இதை எப்படிச் சொல்வது என்றுதான் இத்தனை நாள் ஆயிற்று. புது ரிக் வந்துவிட்டது. அடுத்த ஜூன் வரை நிற்க ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்னால் போட்டது. அணியில் உனக்கு இடம் நிச்சயம் என்று நம்பியிருந்தேன், அப்பாவுக்கு ஒரு ஏற்பாடு செய்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். லீவு கேட்டுப் பார்த்தேன், மேஸ்திரி கையை விரித்துவிட்டார். கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் அந்தக் கொஞ்ச நாள் மட்டும் அப்பாவைச் சேர்த்துவிட முடியுமா என்று கேட்டுப் பார். சாமியாரிடம் சொன்னால் நடக்கும்.

நேற்று ராய் என்னை ஸ்டேடியத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். ஷார்ட்ஸ்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பாய்ந்தபோதெல்லாம் அந்த இடத்தில் உன்னை வைத்துப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. நீ ஆடத் தொடங்கியது நான் கிளம்பி வந்த பிறகு. நீ ஓடி நான் கடைசியாகப் பார்த்தது சிராங்கூன் ரோட்டில் பஸ்ஸுக்காக ஓடியதுதான். அதிலும் பஸ்ஸைத் தவறவிட்டாய் என்று ஞாபகம்.

மன்னித்துக்கொள் என்று எழுதினால் அது உனக்குச் சின்னதாக இருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன்.

சிலுவைராஜ்


ஃபேரர் பார்க்
2 நவம்பர் 1981

அண்ணனுக்கு,

இன்று கல்லறைத் திருநாள். ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். உங்கள் பேரிலும் ஒன்று ஏற்றினேன்.

முதியோர் இல்லத்தில் கேட்டேன். கிறிஸ்துமஸ் கழிந்துதான் கட்டில் கிடைக்குமாம். மங்களம் அக்கா தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், அவருக்கே இடுப்பு வலி. அப்பாவைத் தூக்க முடியாத ஆளிடம் அப்பாவை விட்டுவிட்டு நான் எப்படி விமானம் ஏறுவேன்? கோச்சிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஸ்கோரராக சுந்தரம் சார் போகிறார். புது முறையை அவருக்கு நான்தான் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன்.

நீங்கள் இணைத்திருந்த தாளைக் கமிட்டிக்குக் கொடுக்கவில்லை. நீங்களும் கொடுக்க வேண்டாம். அணி முடிவாகிவிட்டது, சட்டை தைக்கக் கொடுத்தாகிவிட்டது. ஆனி சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "உனக்குக் கோவமாக்கா?" என்றாள். அவள் என்ன செய்வாள், பாவம். இல்லை என்றேன்.

உங்கள் மேல் கோபம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. நீங்கள் வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜூனிலும் வரமாட்டீர்கள். அங்கே ராய் வீட்டில் கோழிக்குழம்பு வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது உங்களுக்கு வீடாகிவிட்டது. சந்தோஷமாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள், நம் குடும்பத்தில் ஒருத்தராவது இருங்கள். அப்பாவிடம் நீங்கள் ஜூனில் வருவதாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

முந்தாநாள் சனிக்கிழமை லீக்கின் கடைசி ஆட்டம். என்னுடைய கடைசி ஆட்டமும் அதுதான், கிளப்பில் சொல்லிவிட்டேன். மத்தியானமே அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்து, எங்கள் மாடி நடைவழியில் கம்பி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் விட்டேன். அங்கிருந்து மைதானம் தெரியும். மங்களம் அக்கா கூட இருந்தார், தீபாவளி முறுக்கை உடைத்து உடைத்து அப்பா வாயில் வைத்தாராம்.

நீங்கள் சொன்னபடி ஆடினேன், அண்ணே. எதிர் அணியில் பந்து எறிந்தது ஒரு புதுப் பெண். பயத்தில் அவள் போட்ட பந்து எங்கெங்கோ போயிற்று. மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். முதல் தடவை நாலு பந்தும் வெளியே போயின, நடந்தேன். இரண்டாவது தடவையும் நடந்தேன். மூன்றாவது தடவை எங்கள் பெஞ்சிலிருந்து, "அடி லா உர்சுலா, என்னா பண்ற?" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதும் நடந்தேன்.

நாலாவது தடவை ஒரு பந்து வந்தது. நெஞ்சுக்கு நேராக, மெதுவாக, யாரோ எனக்காகவே தூக்கிப் போட்டது மாதிரி. வழக்கமாக அந்தப் பந்து மரத்தைத் தாண்டிப் போய் விழும். கோச் எழுந்து நின்றுவிட்டார். கையெல்லாம் பரபரத்தது. நான் அசையவில்லை. அது என்னைத் தாண்டிப் போயிற்று. அதற்குப் பிறகு அவள் போட்டதெல்லாம் வெளியேதான். மறுபடி முதல் பேஸுக்கு நடந்தேன். யாரும் கை தட்டவில்லை.

மேலே வந்தபோது அப்பா தூங்கியிருந்தார். எப்போது தூங்கினார் என்று மங்களம் அக்காவுக்கும் தெரியவில்லை.

சுந்தரம் சார் தாளைக் காட்டினார். நடந்து போனால் பழைய கணக்கில் அது ஆட்டமே இல்லையாம். அதனால் அந்தக் கணக்கில் சனிக்கிழமை நான் ஆடவே இல்லை. உங்கள் கணக்கில் ஆயிரத்துக்கு ஆயிரம். இவ்வளவு நல்ல ஆட்டம் நான் ஆடினதே இல்லை. ராயிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். நான் ஒரு தடவைகூட மட்டையை வீசவில்லை.

உர்சுலா